பதினெட்டாம் நாள் வரை தண்ணீர் ஊற்றவில்லை

போன ஆடியில் இன்குபேட்டரில், அதாவது முட்டை பொரிக்கும் சூட்டுப் பெட்டியில், 24 கோழிமுட்டை வைத்து 3 குஞ்சுதான் கிடைத்தது. 23ஆம் நாளும் போன பிறகு, மனசு கேட்காமல் மொட்டைமாடியில் பேப்பர் விரித்து மற்றதையெல்லாம் உடைத்துப் பார்த்தேன். 7 கூமுட்டை. அதை விடுங்கள், எப்போதும் சிலது அப்படித்தான். மீதி 14இலும் முழுக் குஞ்சு இருந்தது. இறகு, நகம், ஓட்டை உடைப்பதற்கென்று அலகு நுனியில் முளைக்கும் அந்த வெள்ளைப் பல், எல்லாம் இருந்தது. உடம்பு ஊதி, சொதசொதவென்று ஈரம். ஒன்றைத் தூக்கியபோது மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முட்டையின் அகலமான பக்கத்தில் ஒரு காற்றறை உண்டு. முதல் 18 நாளில் முட்டை தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் தண்ணீரை இழக்க வேண்டும். அது குறையக் குறையக் காற்றறை பெரிதாகும். 20ஆம் நாள் வாக்கில் குஞ்சு அலகை அதற்குள் நுழைத்துத்தான் முதல் மூச்சை இழுக்கும். தண்ணீர் போகாவிட்டால் அந்த அறை சின்னதாகவே நின்றுவிடும். மூச்சு விட இடமில்லாமல் என் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே மூழ்கிப் போயிருக்கின்றன.

நான் செய்த தப்பு, வீடியோவில் சொன்னபடி முதல் நாளே இன்குபேட்டர் வாய்க்காலில் தண்ணீர் ஊற்றியது. வறண்ட ஊருக்கு அது சரியாக இருக்கலாம். நாங்கள் இருப்பது திருவொற்றியூரில், கடலுக்குப் பக்கத்தில். டப்பாவில் உப்பே கசியும் ஊர் இது. 30 டிகிரியில் 75 சதவீத ஈரத்தோடு இருக்கும் நம் காற்றை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் தானாகவே 50 பக்கம் வந்து நிற்கும். முதல் 18 நாளுக்கு அதுவே போதும். ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம்.

ஈரப்பத மீட்டரையும் நம்பிவிட்டேன். அப்புறம்தான் சோதித்தேன். பாட்டில் மூடியில் உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, மீட்டரோடு ஜிப் கவரில் மூடி ஒரு ராத்திரி வைத்தால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 67 காட்டியது. 60 என்று நான் நிம்மதியாக இருந்த நாளெல்லாம் உள்ளே 68 இருந்திருக்கிறது.

புரட்டாசியில் மறுபடி 20 முட்டை. திண்டிவனம் பக்கம் அம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் குலுங்கி வந்ததால், கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் ஆறவிட்டேன். இந்த முறை தண்ணீர் இல்லை. சமையலறைத் தராசில் எடை போட்டு, ஓட்டின் மேலேயே பென்சிலில் எழுதினேன். 42 கிராமில் ஆரம்பித்த முட்டை 18ஆம் நாள் 37. டார்ச் அடித்துப் பார்த்தால் காற்றறை நன்றாகப் பெருத்திருந்தது. அன்றோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, பொரிக்கும்போது உள்சவ்வு காய்ந்துவிடாமல் இருக்க வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஊற்றி மூடினேன்.

20ஆம் நாள் ராத்திரி ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. காற்றுத் துளையை மட்டும் விட்டுப் பெட்டியைப் போர்வையால் சுற்றிவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். "அடைக்கோழியும்தான் எழுந்து இரை தின்னப் போவுது. ஒண்ணும் ஆகாதுடி, போய்ப் படு" என்றார்.

மறுநாள் இருட்டுவதற்குள் 15 குஞ்சுகள். ஒரு முட்டை மட்டும் கூர்முனைப் பக்கம் கொத்தியிருந்தது. தலைகீழாகத் திரும்பிவிட்ட குஞ்சு. ஓட்டை தெரிந்து ஒரு நாள் முழுசாகப் போயும் மேலே நகரவில்லை. உள்ளே கீச் கீச் சத்தம் மட்டும். ஓட்டைக்குள் தெரிந்த சவ்வு பழைய காகிதம் மாதிரி காய்ந்திருந்தது. பொரித்த குஞ்சுகளை எடுக்க நான் அடிக்கடி மூடியைத் திறந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவசரமே இல்லை, உடம்புக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவிலேயே அவை இரண்டு நாள் தாங்கும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துச் சவ்வில் தடவினேன். அடியில் சிவப்பாக நரம்பு தெரிந்தது. ரத்தம் இன்னும் குஞ்சுக்குள் போய்ச் சேரவில்லை, இப்போது பிய்த்தால் செத்துவிடும். மூடி வைத்துவிட்டேன். 4 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது நரம்பு மறைந்திருந்தது. ஓட்டைச் சுற்றிலும் நகத்தால் மிளகளவு மிளகளவாக எடுத்தேன். பாதி வந்ததும் கையை எடுத்துவிட்டேன். மீதியை அதுவே உதைத்துக்கொண்டு வெளியே வந்தது.

கால் இரண்டும் விரிந்துகொண்டே போனது. பிளாஸ்திரியால் லேசாகச் சேர்த்துக் கட்டி, வழுக்காத துண்டின் மேல் விட்டேன். மூன்றாம் நாள் மற்றவற்றோடு ஓடியது. இப்போது தீனிக்கு முதலில் வருவது அதுதான்.

இன்று மூன்றாவது தடவை வைத்ததற்கு 18ஆம் நாள். காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டேன். பையன் திறக்காமல் இருக்க மூடியில் டேப் ஒட்டியிருக்கிறேன், எனக்கும் சேர்த்துத்தான்.