கேள்வி நேரத்துக்கு முந்தைய மாலை

"எல்.ஏ.க்யூ. வந்திருக்கு, சாயங்காலத்துக்குள்ள விவரம் வேணும்." சட்டமன்றக் கேள்விக்கு எங்கள் பேச்சில் எல்.ஏ.க்யூ. என்று பெயர். கலெக்டர் ஆபீசிலிருந்து இப்படிப் போன் வந்தால் எங்கள் அலுவலகத்தில் மற்ற வேலையெல்லாம் நின்றுவிடும். வடசென்னையில் முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகைகளைப் பார்க்கும் தனி வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் உதவியாளராகப் பல வருடம் இருந்தேன். எம்.எல்.ஏ. ஒருவர் எழுதிக் கொடுத்த கேள்வி கோட்டையில் துறையின் பிரிவுக்கு வரும். அங்கிருந்து சேப்பாக்கம் எழிலகம், பிறகு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ், கடைசியில் எங்கள் மேசை. பதில் அதே வழியில் திரும்பி மேலே போகும். எங்கள் தாலுகா கணக்கு மாவட்டக் கணக்கில் சேரும், மாவட்டங்கள் எல்லாம் சேர்ந்து மாநிலத்துக்கு ஒரே எண்ணாகும். அந்த எண்ணைத்தான் அமைச்சர் அவையில் படிப்பார்.

மாநில அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று அரசியலமைப்பின் 164ஆவது பிரிவு சொல்கிறது. அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே, அது பெரிய விஷயம். அதனால்தான் ஒரு கேள்விக்காக அத்தனை அலுவலகங்களும் பரபரக்கின்றன. என் மனக்குறை, அந்த மாலையில் நாங்கள் நிரப்பி அனுப்பிய படிவத்தைப் பற்றியது.

படிவத்தில் 'பயன்பெறுவோர்' என்றொரு கட்டம், 'வழங்கப்பட்ட தொகை' என்றொரு கட்டம். 'நிறுத்தப்பட்டவை' என்பதற்கு ஒரே ஒரு கட்டம். இறந்தவர், வீடு மாறியவர், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரிக்கப் போனபோது கதவு பூட்டியிருந்தவர், எல்லாரும் அதற்குள் ஒரே எண்ணாக அடங்கிவிடுவார்கள்.

கூவம் கரையிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் குடும்பங்களைப் பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று ஊரின் இன்னொரு கோடிக்கு மாற்றிய பிறகு இதை அதிகமாகப் பார்த்தேன். ஆள் இருப்பது அங்கே, கோப்பு இருப்பது இங்கே. விசாரணைக்குப் போனால் பழைய முகவரியில் வீடே இருக்காது. "குறிப்பிட்ட முகவரியில் இல்லை" என்று அறிக்கை வரும், பணம் நிற்கும். அவர்கள் இரண்டு பஸ் மாறி எங்கள் வாசலுக்கு வருவார்கள். "மூணு மாசமா பணம் வரல கண்ணு, இன்னான்னு பாரேன்" என்று ஓர் ஆயா பேங்க் புத்தகத்தை நீட்டுவார். கோப்பை அந்தத் தாலுகாவுக்கு மாற்ற வேண்டும், அங்கே மறுபடி விசாரணை நடக்க வேண்டும் என்று சொன்னால், "நான் உயிரோடதானே வந்து நிக்கறேன், இதுக்கு மேல இன்னா விசாரணை?" என்பார். அதற்கு என்னிடம் நியாயமான பதில் இருந்ததில்லை. காசிமேட்டில் மீன் கழுவியே ரேகை தேய்ந்தவர்கள் கதை வேறு. பணம் கணக்கில் ஏறியிருக்கும், பேங்க் முகவரின் கருவி விரலை ஏற்காது. எங்கள் படிவத்தில் அவர் 'பயன்பெறுவோர்' கட்டத்தில்தான் இருப்பார்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011இல் 1,000 ஆயிற்று, 2023 ஆகஸ்டில் 1,200. ஒன்றிய அரசின் திட்டத்தில் வருபவர்களுக்கு 79 வயது வரை 200 ரூபாயும், 80 ஆனால் 500 ரூபாயும் டெல்லியின் பங்கு. மீதி மாநிலத்தின் பணம். அந்த 200 ரூபாய்க்கு நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியவர் ஊரக வளர்ச்சித் துறை அமைச்சர், கொருக்குப்பேட்டையில் வாங்குகிறவருக்கும் சேர்த்துத்தான். ஒரே பணத்துக்கு இரண்டு அவைகளில் இரண்டு அமைச்சர்கள் பொறுப்பு. பணம் நின்றுபோனால் ஆயாவுக்குத் தெரிந்த ஒரே அரசாங்கம் எங்கள் ஜன்னல்.

எனக்கு மேலே இருந்த வட்டாட்சியர் அம்மா ஒருவர், எல்.ஏ.க்யூ. வரும்போதெல்லாம் கேட்காத விவரத்தையும் தனித்தாளில் இணைத்து அனுப்புவார். இறப்பால் நின்றது எத்தனை, முகவரி மாறியதால் எத்தனை, தகுதியில்லை என்று எத்தனை. "துணைக் கேள்வி வந்தா அமைச்சர் கையில இருக்கட்டும்மா" என்பார். அமைச்சர் பதில் சொன்ன பிறகு உறுப்பினர் எழுந்து மேலும் கேட்பதுதான் துணைக் கேள்வி. அந்தத் தாள் எவ்வளவு தூரம் போனது என்று எங்களுக்குத் திரும்பி வந்ததில்லை. ஆனால் அதைத் தயாரிக்கும்போதுதான், முகவரி மாறியவர்களின் பட்டியல் பெயர் பெயராக எங்கள் கையில் சேர்ந்தது. அதை வைத்துச் சிலருக்காவது அடுத்த தாலுகாவுக்குக் கோப்பு அனுப்ப முடிந்தது.

சட்டமன்ற விதி 110இன் கீழ் அரசின் அறிவிப்பு வரும்போது அதன்மேல் விவாதம் கிடையாது. துணைக் கேள்வி அப்படியல்ல. அமைச்சர் அச்சிட்ட பதிலைத் தாண்டி வர வேண்டிய இடம் அது. எங்கள் பகுதி உறுப்பினர்கள், எந்தக் கட்சியானாலும், அங்கே "எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்" என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. இந்த ஆண்டு யாருக்கெல்லாம் நின்றது, என்ன காரணம், அவர்களில் எத்தனை பேருக்கு மறுபடி கிடைத்தது என்று தாலுகா வாரியாகக் கேட்க வேண்டும். பார்த்துச் செய்கிறோம் என்று அமைச்சர் அவையில் உறுதி சொன்னால் அதைத் தொடர்ந்து கேட்க உறுதிமொழிக் குழு இருக்கிறது. துறைக்கான பணத்தை அவையிடம் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது தரும் கொள்கை விளக்கக் குறிப்பிலும் இதற்கு ஓர் அட்டவணை போடலாம். அந்தக் கேள்வி ஒருமுறை அவையில் எழுந்தால் போதும், மறுநாளே எங்கள் படிவத்தில் அதற்கான கட்டங்கள் வந்துவிடும்.