கட்டைவிரலை நம்பி நிகழ்ச்சி நடத்த முடியாது

சம்பளம் வாங்காதவர்களிடம் வேலை வாங்குவதற்கு நான் சம்பளம் வாங்குகிறேன். தொண்டு நிறுவனத்தில் தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர் என்றால் சுருக்கமாக அதுதான். நிதி திரட்டும் நடை, ஓட்டம், ஏலம், கலை நிகழ்ச்சி என்று வருடத்துக்கு ஒரு வடிவம் வரும். எதுவானாலும் முதல் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இந்தத் தடவை எத்தனை பேர் தேவைப்படும்?" அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. வேலை என்னென்ன என்று தெரியாமல் ஆள் கணக்குப் போட்டால், நிகழ்ச்சியன்று பாதிப் பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நின்றவர் அடுத்த வருடம் வரமாட்டார். ஓடியவர்கூட வந்துவிடுவார்.

ஆள் பற்றாக்குறையைப் பற்றித்தான் எல்லோரும் புலம்புவார்கள். என் அனுபவத்தில் ஆள் குறைந்து கெட்ட நிகழ்ச்சிகளைவிட, வந்த ஆளுக்கு வேலை சொல்லத் தெரியாமல் கெட்ட நிகழ்ச்சிகள் அதிகம்.

"ஞாயிறு நிகழ்ச்சிக்கு உதவ விருப்பமுள்ளவர்கள் தெரிவிக்கவும்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டுப் பாருங்கள். கட்டைவிரல் மழை பொழியும். அதைப் பார்த்துக் கமிட்டியில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். "நல்ல காரியம், நடத்துங்க" என்று வாழ்த்துவதற்கும் அதே கட்டைவிரல்தானே? ஞாயிறு காலை அவர்களில் எத்தனை பேர் வந்து நிற்பார்கள் என்று யாருக்கும் தெரியாது, போட்டவர்களுக்கே தெரியாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. குழுவில் இத்தனை பேர் இருக்கிறார்களே, நான் ஒருவன் போகாவிட்டால் என்ன என்று நினைப்பது மனித சுபாவம்.

இதை ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பங்கேற்றவர்களைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து, பேசும் கருவி வழியாக உரையாட வைத்தார்கள். நடுவில் ஒரு குரலுக்கு வலிப்பு வருவது போலக் கேட்கும். அது பதிவு செய்யப்பட்ட குரல்தான். தான் ஒருவர் மட்டுமே அதைக் கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து வந்து உதவி கேட்டார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் எழுந்து வந்தவர்கள் 31 சதவீதம். உயிர் போகிற விஷயத்திலேயே இப்படி என்றால், நாற்காலி போடுவதற்கு எத்தனை பேர் வருவார்கள்?

அதனால் நான் குழுவில் கேட்பதே இல்லை. அறிவிப்பு மட்டும் அங்கே. கேட்பது தனித்தனியாக, முடிந்தால் போனில். "அக்கா, ஞாயிறு காலை ஆறிலிருந்து ஒன்பது வரை மூன்றாவது திருப்பத்தில் நின்று வழி காட்ட முடியுமா?" இதற்கு முடியும், முடியாது என்று இரண்டில் ஒரு பதில்தான் வரும். முடியாது என்று தெளிவாகச் சொல்பவர் எனக்கு நல்லது செய்கிறார். "பார்க்கலாம்" என்றால் அந்தப் பெயரை லிஸ்டில் பென்சிலால் எழுதுவேன். அப்படிச் சொல்லிவிட்டு வருபவர்களும் உண்டு. ஆனால் அவர்களை நம்பித் திட்டம் போட முடியாது.

இப்படிக் கேட்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் வேலையை நறுக்கி வைத்திருக்க வேண்டும். என் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது. 'பதிவு மேசை' என்று ஒரு வரி எழுதி, அதற்கு எட்டுப் பேர் என்று போடுவது சுலபம். எட்டுப் பேரும் ஒரே மேசைக்குப் பின்னால் நின்றால், ஒரே பெயரை மூன்று பேர் தேடுவார்கள். வரிசை மட்டும் நகராது. கூட்டமாகக் கை வைக்கும்போது ஒவ்வொருவரிடமிருந்தும் கிடைக்கும் பலன் குறைகிறது என்பதை மேக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் கயிறு இழுக்க வைத்தே அளந்திருக்கிறார். 1913இல் வெளியான அவருடைய கணக்குப்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரிடமிருந்தும் வருவது அவரவர் தனியாக இழுக்கும் பலத்தில் ஏறத்தாழப் பாதி. சோம்பல் மட்டும் காரணமில்லை, ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இழுக்க முடியாததும் காரணம். மேசைக்குப் பின்னால் நடப்பதும் அதேதான்.

நறுக்கிய பிறகு பதிவு மேசை இப்படி இருக்கும். முன்பதிவு செய்தவரின் பெயரைப் பட்டியலில் தேட ஒருவர். எண் அட்டையை எடுத்துக் கொடுக்க ஒருவர். புதிதாக வருபவரைப் படிவம் நிரப்ப வைக்க, சற்றுத் தள்ளித் தனி மேசையில் ஒருவர். அப்புறம், மேசைக்கு முன்னால் நின்று "நீங்கள் முன்பதிவா? இந்தப் பக்கம் வாங்க" என்று பிரித்து அனுப்ப ஒருவர். கடைசியாகச் சொன்னவரைப் பார்த்தால் வேலையே இல்லாதவர் போலத் தெரியும், ஆனால் வரிசையைப் பாதியாகக் குறைப்பது அவர்தான். பெயரின் முதல் எழுத்தை வைத்து மேசைகளைப் பிரிப்பதாக இருந்தால், எழுத்துகளைச் சமமாகப் பங்கு போடக் கூடாது. பட்டியலில் எந்த எழுத்தில் எத்தனை பேர் என்று பார்த்து ஆட்களைப் பங்கு போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மேசையில் திருவிழாக் கூட்டமும் பக்கத்து மேசையில் ஈயாட்டமும்தான்.

நறுக்கிய ஒவ்வொரு வேலைக்கும் அரைப் பக்கத்தில் ஒரு சீட்டு. எங்கே நிற்க வேண்டும், எத்தனை மணிக்கு யார் வந்து மாற்றுவார், சிக்கல் என்றால் யாருக்குப் போன் செய்ய வேண்டும், எப்போது கிளம்பலாம். கடைசி வரியைத்தான் பலரும் எழுத மறக்கிறார்கள். நடைப்பயணத்தில் ஒரு திருப்பத்தில் தனியாக நிற்பவரை நினைத்துப் பாருங்கள். கூட்டம் போய்விட்டது. பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா, எல்லோரும் போயாகிவிட்டதா? போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை. வெயில் ஏறுகிறது. அவர் கிளம்பிய ஐந்தாவது நிமிடம், மெதுவாக நடந்து வந்த வயதான தம்பதி அந்தத் திருப்பத்தில் வந்து திகைத்து நிற்பார்கள். இதற்கு மருந்து எளிமையானது. பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்ட ஒருவர், கடைசியாக நடப்பவருக்கும் பின்னால் நடந்து வர வேண்டும். 'அந்தச் சட்டை உங்களைத் தாண்டிய பிறகு கிளம்பலாம்' என்று சீட்டில் எழுதிவிட்டால் போதும். யாரும் யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை.

ஒரு தலைவருக்குக் கீழே எத்தனை பேர் என்பதில் நான் கொஞ்சம் கறார். 1970இல் கலிபோர்னியாவில் பெரிய காட்டுத்தீ எரிந்தபோது பல துறைகளும் ஒன்றையொன்று குழப்பிக்கொண்டன. அதிலிருந்து பாடம் படித்து அங்கே ஒரு கட்டளை முறையை உருவாக்கினார்கள். அதில் ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழே மூன்று முதல் ஏழு பேர் வரைதான், ஐந்து இருந்தால் உத்தமம். நெருப்புக்கும் நிதி திரட்டும் நடைக்கும் தூரம் அதிகம்தான். ஆனாலும் ஒரு மனிதர் ஒரே காலையில் எத்தனை பேரின் முகத்தை நினைவில் வைத்திருக்க முடியும் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆறாவது ஆள் வந்தாலே இன்னொரு தலைவரைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

தலைவராக யாரைப் போடுவது? கூட்டத்தில் சத்தமாகப் பேசுபவரைப் போட்டுவிடத் தோன்றும். நான் பார்ப்பது, முன்கூட்டியே கேள்வி கேட்பவரை. "மழை வந்தால் அந்த மேசையை எங்கே நகர்த்துவது?" என்று நான்கு நாள் முன்னால் கேட்டவர் தலைவர் ஆவதற்குத் தயாராக இருக்கிறார், அது அவருக்கே தெரியாவிட்டாலும்.

பழைய ஆட்கள் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. ஒரே வேலையை வருடக்கணக்கில் செய்து, அது தன்னுடையது என்று நினைக்கும் மூத்தவர் ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார். "அதை நான் பார்த்துக்கிறேன், விடுங்க" என்பார். உண்மையிலேயே பார்த்துக்கொள்வார். ஆனால் எப்படி என்பது அவர் தலைக்குள் மட்டும் இருக்கும். அவரை மாற்ற முயன்றால் மனம் புண்படும், விட்டுவிட்டால் அவருக்குக் காய்ச்சல் வருகிற வருடம் எல்லாம் நின்றுபோகும். "சார், இந்தத் தம்பிக்குக் கொஞ்சம் கற்றுக்கொடுங்க" என்று ஒரு இளைஞரைப் பக்கத்தில் நிறுத்துவதுதான் எனக்குத் தெரிந்த வழி. மேற்பார்வை பார்க்க வந்திருக்கிறான் என்றால் முகம் சுருங்கும். கற்றுக்கொள்ள வந்திருக்கிறான் என்றால் மலரும்.

பணம் கேட்கிற அணி முற்றிலும் வேறு. நிகழ்ச்சி நாளில் நன்றாக வேலை செய்பவர் நன்கொடை கேட்பதிலும் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. பலருக்கு நாக்கு எழாது. தனியாகக் கேட்கச் சொன்னால் நழுவுபவர்கள், ஒரு அணியின் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது தைரியமாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். 1985இல் கார்டன் கிளாட் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர், டகோமா நகரில் ஒரு மைதானத்தின் ஓட்டப் பாதையை 24 மணி நேரம் சுற்றி வந்து புற்றுநோய்ச் சங்கத்துக்காக 27,000 டாலர் திரட்டினார். அடுத்த வருடமே அது அணிகள் மாறி மாறி நடக்கும் நிகழ்ச்சியாகிவிட்டது. பிறகு பல நாடுகளுக்கும் பரவிய 'ரிலே ஃபார் லைஃப்' அதுதான். ஒரு ஆள் 24 மணி நேரம் சுற்றினால் ஊர் வியக்கும். ஆனால் வியப்பவர்கள் எல்லோராலும் அப்படிச் சுற்ற முடியாது. அணியில் ஒரு மணி நேரம் நடப்பது யாராலும் முடியும், அந்த ஒரு மணி நேரத்துக்காக மாமாவிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் நன்கொடை கேட்பதும் முடியும்.

எங்கள் அணிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் நீங்கள் போடுங்கள், எவ்வளவு சின்னத் தொகையானாலும் பரவாயில்லை. தான் போட்டுவிட்டுக் கேட்பவரின் குரலே வேறு மாதிரி இருக்கும்.

இனி எண்ணும் அறை. இதில் மட்டும் நான் யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லை. முத்திரை ஒட்டிய உண்டியலை உறவுக்காரர்கள் அல்லாத இரண்டு பேர் சேர்ந்து திறக்க வேண்டும். இருவரும் தனித்தனியாக எண்ணி, தனித்தனித் தாளில் எழுத வேண்டும். பிறகுதான் ஒப்பிட வேண்டும். கணக்குப் புத்தகத்தில் பதிபவர் மூன்றாவது ஆள். "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று சிலர் கோபப்படுவார்கள். நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் உங்களைக் காப்பாற்றப் போவது இந்தத் தாள்தான் என்று சொல்வேன். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களுக்கு எண்ணித் தருவார். ஒரு முறை இரண்டு தாளுக்கும் ஒரு நோட்டு வித்தியாசம். எல்லோருக்கும் களைப்பு. "விடுங்க சார், என் பையிலிருந்து போட்டுடறேன்" என்றார் ஒரு பெண். "போட்டா கூட்டல் சரியாயிடும்மா, எண்ணினது சரியாகாது" என்றார் அவர். மறுபடி எண்ணினார்கள். புது நோட்டுகள் இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாகக் கிடந்தன. ஒருவர் அவற்றை ஒன்றாக எண்ணியிருந்தார், மற்றவர் பிரித்து எண்ணியிருந்தார். ஒரே தாளில் ஒருவர் மட்டும் எழுதியிருந்தால் அந்த வித்தியாசம் கண்ணிலேயே பட்டிருக்காது.

நிறுவனங்களிலிருந்து மொத்தமாக வரும் ஊழியர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே டி ஷர்ட், பெரிய பேனர், நிறைய போட்டோ. கிண்டல் செய்வது சுலபம். ஆனால் அவர்களைப் பல வேலைகளுக்குச் சிதறடிக்காமல் ஒரு முழு வேலையை அப்படியே ஒப்படைத்தால் பிரமாதமாகச் செய்வார்கள். பந்தலைப் பிரித்து, நாற்காலி அடுக்கி, குப்பை அள்ளும் வேலையை நான் அவர்களுக்குத்தான் கொடுப்பது. காலை ஐந்து மணிக்கு வந்தவரை மதியம் குப்பை அள்ள வைப்பது பாவம். சுத்தம் செய்வதற்குத் தனி ஷிஃப்ட், தனி ஆட்கள். போட்டோவுக்கும் பஞ்சமில்லை, மைதானமும் சுத்தம்.

வருகிறேன் என்று சொல்லி வராதவர்கள் எப்போதும் உண்டு. ஐந்தில் ஒருவர் வரமாட்டார் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுவேன். இரண்டு நாள் முன்னால் எல்லோருக்கும் ஒரு போன். அதற்கு மேல் கெஞ்சுவதில்லை. எந்த வேலையும் ஒதுக்காத இரண்டு மூன்று பேரை என் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன், ஓட்டை விழும் இடத்துக்கு அனுப்ப. எல்லோரும் வந்துவிட்டால் இவர்களுக்கு வேலை இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நிறுத்தி வைத்தால் இவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள் ஆகிவிடுவார்கள்.

நிகழ்ச்சி முடிந்த வாரத்துக்குள் எல்லோருக்கும் கணக்கு போய்ச் சேர வேண்டும். வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இன்ன காரியத்துக்கு. நன்றிச் சான்றிதழைவிட இதைத்தான் எடுத்து வைத்துப் படிக்கிறார்கள். அப்புறம் அணித் தலைவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு போன். "அடுத்த வருடம் வருவீர்களா?" என்று அதில் கேட்பதில்லை. மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "அடுத்த தடவை எந்த வேலை உங்களுக்கு வேண்டாம்?" என்று கேட்பேன். முதலில் தயங்குவார்கள், பிறகு கொட்டிவிடுவார்கள். மைக் பிடிக்கச் சொல்லாதீங்க என்பார் ஒருவர். இன்னொருவருக்கு அந்த ஆளோடு ஒரே மேசை வேண்டாம். பணம் எண்ணினால் ராத்திரி தூக்கம் வருவதில்லை, என்னைத் திருப்பத்தில் நிறுத்துங்கள் என்று ஒரு அக்கா சொன்னார். எழுதி வைத்துக்கொண்டேன். இந்த வருடத்துப் பட்டியலில் அவர் பெயர் ஐந்தாவது திருப்பத்துக்கு நேராக இருக்கிறது. எண்ணும் அறைக்குத்தான் இன்னும் ஒருவரைத் தேட வேண்டும்.