பின்னால் நிற்கும் குரல்கள்

ஹார்லெம் காஸ்பல் டிராவலர்ஸ் என்று ஒரு நியூயார்க் குழு. பாட்டுப் பிரியர்கள் அவர்களை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும். எல்லாம் இளவட்டங்கள். ஹார்லெமில் பிள்ளைகளுக்கு காஸ்பல், அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சர்ச் பாட்டு, சொல்லித்தரும் வகுப்பில், ஈலை பேப்பர்பாய் ரீட் என்பவரிடம் படித்தவர்கள். அவர் சோல் பாடகர்; சோல் என்பது அதே மக்களின் உருகிப் பாடும் இசை. முதல் ஆல்பம் 2019-இல் வந்தது. கண்ணை மூடிக் கேட்டால் அறுபதுகளில் பதிவான பாட்டு என்றே நினைப்பீர்கள்.

பழைய மாதிரி கோட்டு போடுவதும், பழைய மைக்கைத் தேடிப் பிடிப்பதும் யாருக்கும் முடியும். சோல் குழுவின் உயிர் அதில் இல்லை. முன்னால் ஒருவர் உருகிக் கொண்டிருக்கும்போது, பின்னால் நிற்பவர்கள் ‘ஊ’ என்று ஒரே மூச்சாக இழுக்க வேண்டும். அவர் விடுகிற இடத்தில் நூல் பிசகாமல் நுழைய வேண்டும். கூட நின்று, காது கொடுத்துப் பழகாமல் அது வரவே வராது. இந்தப் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது.

நான் மதுரை நரிமேட்டில் ஒரு சர்ச் கொயரில் பேஸ், அதாவது அடிக்குரல், பாடுகிறவன். அதனாலேயே டெம்ப்டேஷன்ஸ் என்ற சோல் குழுவில் பேஸ் பாடிய மெல்வின் ஃபிராங்க்ளின் மேல் தனிப் பிரியம். 1964 கடைசியில் டெட்ராயிட்டின் மோடவுன் கம்பெனி வெளியிட்ட ‘மை கேர்ள்’ பாட்டில் எல்லோருக்கும் முன்னால் பாடும் டேவிட் ரஃபின் குரல்தான் கேட்கும். அடுத்த தடவை ரஃபினை விட்டுவிட்டு, அடியில் ஓடும் ஃபிராங்க்ளினை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அந்தப் பாட்டு எதன்மேல் நிற்கிறது என்று தெரியும்.

சோல் இசையே சர்ச்சிலிருந்து கிளம்பியதுதான். சோல் பாடகர் சாம் குக் 1957 வரை சோல் ஸ்டிரர்ஸ் என்ற காஸ்பல் குழுவில் பாடியவர். மதுரைக்கும் நாலு பாகப் பாட்டு, அதாவது ஒரே பாட்டை நாலு வேறு குரல்களில் சேர்ந்து பாடுவது, புதிதில்லை. அமெரிக்க மிஷன் இங்கே வந்தது 1834-இல். சர்ச்சில் பாடும் பாமாலைப் புத்தகப் பாட்டுகளை நாலு குரலில் பாடித்தான் நான் வளர்ந்தேன். அப்புறம் கீபோர்டும், பதிவு செய்த பின்னணி இசையான டிராக்கும் வந்தன. எங்கள் கொயரில் பாதிப் பேர் மெட்டை மட்டும் பாடிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம்.

இப்போது கொயரில் காலேஜ் படிக்கிற மூன்று தம்பிகள் சனிக்கிழமை பிராக்டிஸ் முடிந்த பிறகும் போவதில்லை. கீபோர்டை மூடிவிடுவோம். போனில் சுருதி ஒரு தடவை மட்டும். பாமாலையில் ஒரு பாட்டை எடுத்து, ஒருவர் முன்னால் வர, மற்றவர்கள் பின்னால் நிற்கிறோம். மூன்றாவது சரணம் முடிந்ததும், “அண்ணே, இறங்கிட்டோமா?” என்பான் பேஸுக்கு மேலே வரும் நடுக்குரலான பாரிடோன் பாடுகிறவன். போனைத் தட்டிப் பார்த்தால் அரைச் சுருதி இறங்கியிருக்கும். இழுக்கிற இடத்தில் மூச்சு குறைந்தால் சுருதி தொங்கிவிடும். சரி, மறுபடி முதலிலிருந்து. போன வாரம் கடைசிச் சரணம் வரை இறங்கவில்லை. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், யாருக்கும் நிறுத்த மனசு வரவில்லை. முதல் சரணத்தையே திரும்பப் பாடினோம்.

ஆண் குரல்களில் உயர்ந்ததான மேல் டெனருக்கு இன்னும் ஆள் அமையவில்லை. பக்கத்தில் இருப்பவர் பாடுவதைக் காதில் வாங்கிக்கொண்டே பாடத் தெரிந்த தம்பி யாராவது இருந்தால் சொல்லுங்கள்.