குசட்சுவில் வெந்நீரில் இறங்கும் முன்

ஜப்பானில் குன்மா மாகாணத்துப் பக்கம் போகிறவர்கள் வெந்நீர் ஊற்று ஊரான குசட்சுவை விட்டுவிடாதீர்கள். ஊர் நடுவில் யுபதகே: 50 டிகிரிக்கு மேல் ஆவி பறக்க வரும் ஊற்றுநீர் நீளமான மரத்தொட்டிகளில் ஓடி ஆறுகிறது. கந்தக வாடை மூக்கில் ஏறும். பச்சைத்தண்ணீர் கலந்தால் தாது நீர்த்துப்போகும் என்று, நீளப் பலகைகளால் துழாவி ஆற்றுவதும் உண்டு. அதற்குப் பெயர் யுமோமி.

பொதுக் குளியலறை வாசலில் பெரும்பாலும் ஆண்களுக்கு நீலத் திரை, பெண்களுக்குச் சிவப்பு. சில விடுதிகளில் நேரத்துக்கு நேரம் மாற்றுவார்கள், ஒவ்வொரு முறையும் பார்த்து நுழையுங்கள். உள்ளே துணியே கூடாது. கூச்சம் இரண்டு நிமிடத்தில் போய்விடும். முதலில் முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டு முழுக்கக் குளித்து, நுரை போக அலச வேண்டும். தொட்டி ஊறுவதற்கு மட்டும்தான். வெளிநாட்டவர் அதிகம் தவறுவது இங்கேதான். சின்னத் துண்டைத் தலையில் வையுங்கள், தண்ணீரில் நனைக்காதீர்கள். நீளமுடியைத் தூக்கிக் கட்டுங்கள்.

வெள்ளி மெட்டி, கொலுசைக் கழற்றிவிடுங்கள். இந்தத் தண்ணீர் பட்டால் கறுத்துவிடும். அமிலம் அதிகம், கண்ணில் பட்டால் எரியும், காயம் இருந்தாலும் எரியும். முதல் தடவை 5 நிமிடம் போதும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், மெதுவாக எழுங்கள். பச்சை குத்தியிருந்தால் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள், பல இடங்களில் அனுமதி இல்லை.