ப்ராஜெக்ட் வைவாவுக்கு உடைந்த கியரைக் கொண்டுபோங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. ப்ராஜெக்டில் ‘ஓ’ கிரேடு. “பொம்மை காருக்கெல்லாம் ஒரு ப்ராஜெக்டா?” என்று ரிவியூவில் கேட்டவர்களுக்கும் லட்டு கொடுத்தாயிற்று. மனசு ஆறிய பிறகு எழுதினால் காரம் குறைந்துவிடும், அதனால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் ஃபைனல் இயரில் இருப்பவர்களுக்கு ரிவியூ எப்படி நடக்கும், எக்ஸ்டெர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) என்ன செய்வார் என்பதெல்லாம் தெரியும். எங்கள் தலைப்பு, விலை குறைந்த ஆர்.சி. பக்கிகள் (ரிமோட்டில் ஓடும் பொம்மை கார்கள்) எவ்வளவு தாங்கும், அவற்றின் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி, சுருக்கமாக டிஃப்) ஏன் முதலில் போகிறது என்பது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சென்சார், ஐ.ஓ.டி. என்று போனார்கள். கைடுக்கும் அதில்தான் விருப்பம். எங்களுக்கு விழுந்த இன்டர்னல் மார்க்கைப் பார்த்தாலே அது தெரியும். சரி, விடுங்கள்.

எங்களைக் கரையேற்றியது ஒன்றே ஒன்றுதான். ஓட்டி உடைத்த டிஃப் பாகங்களைத் தூக்கிப் போடாமல், ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, எந்த மோட்டார், எந்தத் தரை, எப்படிச் சத்தம் வந்தது என்று சீட்டு ஒட்டி மேசைமேல் பரப்பி வைத்தோம். எக்ஸ்டெர்னல் மூன்றாவது ஸ்லைடிலேயே ஒரு கவரை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு திரையை யாரும் பார்க்கவில்லை. டிஃப்போடு சேர்ந்து சுற்றும் பெரிய கிரவுன் கியரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பற்களை நகத்தால் வருடிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுல எல்லாப் பல்லும் ஒரே மாதிரி மழுங்கியிருக்கு. அதுல மூணு பல்லு மட்டும் அடியோட போயிருக்கு, மத்தது புதுசு மாதிரி இருக்கு. ஏன்?”

வைவா முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். எனக்குக் கோர்வையாகப் பேச வராது, கையில் பொருள் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். உங்களுக்கும் அப்படி என்றால் ஸ்லைடுக்குச் செலவழிக்கும் இரவுகளைக் கியர் பார்க்கச் செலவழியுங்கள். நன்றாகப் பேசுகிறவர்கள் வேறு யாரிடமாவது யோசனை கேட்டுக்கொள்ளலாம்.

உடைந்த டிஃப்பைப் படிக்கும் விதம், நாங்கள் ரிப்போர்ட்டில் போட்டபடி:

– பல் நுனிகள் சுற்றிலும் உருண்டு மழுங்கியிருந்தால், பினியனும் (கிரவுனைச் சுற்றவைக்கும் சிறிய கியர்) கிரவுனும் தள்ளித் தள்ளி நின்றிருக்கின்றன. லோடு வந்தபோதெல்லாம் பல் தாவியிருக்கிறது. ஓடும்போது ‘கடகட’ சத்தம் வந்திருக்கும்.
– இரண்டு மூன்று பற்கள் மட்டும் அடியோடு முறிந்திருந்தால் அது ஒரே அடி. பெரும்பாலும் ஜம்ப் முடிந்து தரை தொட்ட நேரம்.
– பற்கள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மெலிந்திருந்தால் மணல் புகுந்திருக்கிறது, அல்லது கிரீஸ் இல்லை.
– உள்ளே ஸ்டார் கியரை (டிஃப் நடுவில் இருக்கும் சிறிய கியர்) தாங்கும் பின்னில் பள்ளம் விழுந்திருந்தால், ஒரு சக்கரம் அந்தரத்தில் நெடுநேரம் சுற்றியிருக்கிறது. ஓப்பன் டிஃப்பில் (லாக் இல்லாதது) ஒரு சக்கரம் நின்றால் மற்றது ஹௌசிங்கை, அதாவது டிஃப்பின் கூட்டைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும் என்பது தியரி பேப்பரில் நீங்கள் எழுதியதுதான். அந்த வேகத்தின் சூடு பின்னில்தான் இறங்குகிறது.

எங்கள் கவர்களில் அதிகம் இருந்தது முதல் வகை. எல்லோரும் பல்லின் பலத்தைக் கணக்குப் போடுகிறார்கள். பி.எஸ்.ஜி. டேட்டா புக்கைத் திறந்து லூயிஸ் சமன்பாட்டில் எண்ணைப் போட்டு “டிசைன் இஸ் சேஃப்” என்று முடிக்கிறார்கள். நாங்களும் போட்டோம், சேஃப் என்றுதான் வந்தது. ஆனால் கியர் போய்க்கொண்டே இருந்தது. காரணம் பல்லில் இல்லை, பல்லைப் பிடித்திருக்கும் பெட்டியில் இருக்கிறது. பெவல் கியருக்கு (இந்தப் பினியனும் கிரவுனும் போல கூம்பு வடிவக் கியர்) லோடு ஏறும்போது பினியன் கிரவுனைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கியர்பாக்ஸ் பிளாஸ்டிக், நான்கு சிறிய திருகு. அது லேசாக விரிகிறது, மெஷ் (பற்கள் கோத்திருக்கும் பிடி) திறக்கிறது, பல் நுனிமேல் நுனி ஏறித் தாவுகிறது. வண்டி நின்றதும் பெட்டி பழையபடி மூடிக்கொள்ளும், கையால் ஆட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும்.

அதனால் ஷிம். இதை மட்டும் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். 0.1, 0.2 மி.மீ. வாஷர்தான், ஒரு டீ காசு கூட ஆகாது. கிரவுன் இருக்கும் பக்கத்துப் பேரிங்குக்கும் பெட்டிக்கும் நடுவே வைத்தால் கிரவுன் பினியனை நோக்கி நகரும். பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே உள்ள ஆட்டம்) லேசாகக் கைக்குத் தெரிய வேண்டும், ஆனால் டக்டக்கென்று அடிக்கக் கூடாது. மெட்ராலஜி லேபில் டயல் கேஜ் சும்மா தூங்குகிறது. ஷிம் போடுவதற்கு முன்னும் பின்னும் அதை வைத்து அளந்து ஒரு டேபிள் போடுங்கள். எங்கள் ரிப்போர்ட்டில் எக்ஸ்டெர்னல் பேனாவால் டிக் அடித்த ஒரே பக்கம் அதுதான்.

பேரிங்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆரம்பநிலை வண்டிகளில் பால் பேரிங் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் புஷ் (குண்டு இல்லாத வெறும் வளையம்) கொடுப்பது வழக்கம். டாமியா கம்பெனியின் டிடி-02பி பக்கி வாங்கியவர்கள் முதல் வேலையாக 11 மி.மீ. வெளிவிட்டம், 5 மி.மீ. உள்விட்டம் உள்ள ‘1150’ பேரிங்காக மாற்றுவது இதற்காகத்தான். புஷ் தேய்ந்தால் டிஃப் உட்காரும் இடமே நகர்ந்துவிடும். அப்புறம் நீங்கள் ஷிம் போட்டும் பயனில்லை.

அடுத்தது ஜம்ப். “மூன்று பல் போனது எப்படி?” என்பதற்கு ‘ஷாக் லோடு’ என்று ஒற்றை வரியில் சொன்னால் விடமாட்டார்கள். நாங்கள் சொன்ன கணக்கு இது. 540 அளவு மோட்டாரின் ஆர்மேச்சரை (உள்ளே சுற்றும் பாகம்) 70 கிராம், 11 மி.மீ. ஆரமுள்ள உருளை என்று எடுத்துக்கொண்டால், 20,000 ஆர்பிஎம்மில் அதன் சுழற்சி ஆற்றல் சுமார் 9 ஜூல். ஒரு கிலோ வண்டி ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வரும் ஆற்றலும் அவ்வளவுதான். அந்தரத்தில் திராட்டிலைப் பிடித்துக்கொண்டே இருந்தால் சக்கரம் வண்டியின் வேகத்தை மீறிச் சுற்றும். தரை பட்டதும் டயர் சட்டென்று மெதுவாகும், ஆர்மேச்சர் வேகம் குறைய மறுக்கும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது டிஃப்.

எக்ஸ்டெர்னல் உடனே மடக்கினார்: “9 ஜூலும் பல்லு வழியாவா போகுது?” இல்லை. மோட்டார் நின்றுவிடுவதில்லை, தரை வேகத்துக்கு இறங்குகிறது. வேகம் பாதியானால் ஆற்றலில் முக்கால் பங்கு வெளியே வரும், வேகம் வர்க்கமாக இருப்பதால். அதிலும் டயர் வழுக்கும் அளவுக்குமேல் டார்க் ஏறாது. ஆனால் தரை தொடும் கணத்தில் டயர்மேல் விழும் பாரம் வண்டியின் எடையைப் போலப் பல மடங்கு, அதனால் அந்த வழுக்கும் எல்லையும் அதே அளவு உயர்ந்துவிடுகிறது. “சக்கரத்தோட ஆற்றல்?” அது டயரிலேயே தீர்ந்துவிடும், டிஃப்புக்கு வராது. இங்கே அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மூக்கு கீழே போகும்போது திராட்டில் கொடுத்தால் வண்டி நிமிரும் என்பதால் புதிதாக ஓட்டுகிறவர்கள் விடாமல் அழுத்துவார்கள். அழுத்தட்டும், தரை தொடுவதற்குமுன் விட்டுவிட வேண்டும். எங்கள் டீமில் ஒருவனுக்கு இது கடைசிவரை வரவில்லை. உடைந்த பாகங்கள் சேர்ந்ததில் அவனுக்குப் பெரிய பங்கு உண்டு.

கட்டாயம் வரும் மற்ற கேள்விகள்:

– “மெட்டல் கியர் போட்டா தீராதா?” எந்த மெட்டல் என்று திருப்பிச் சொல்லுங்கள். மலிவு வண்டிகளில் வருவது பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. அந்த வகைக் கலவையான ஸமாக் 3-இன் கடினம் 82 பிரினெல் அளவில்தான். தேயவும் செய்யும், அடி விழுந்தால் நொறுங்கவும் செய்யும். நைலான் பல் அடியைக் கொஞ்சம் வளைந்து வாங்கிக்கொள்ளும்.
– “பழைய வண்டிங்க எப்படி இத்தனை வருஷம் ஓடுது?” 1984-இல் வந்த டாமியா கிராஸ்ஹாப்பர் பக்கியில் இருந்தது 540-ஐவிடச் சிறிய 380 மோட்டார். கியர்மேல் ஏறுகிற வேலையே குறைவு. இன்று அதே விலைக்குப் பிரஷ்லெஸ் மோட்டாரும் 3எஸ் லைப்போவும் (மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) போட நினைக்கிறோம்.
– “ஸ்லிப்பர் கிளட்ச்?” ஸ்பருக்கும் (மோட்டார் சுற்றவைக்கும் பெரிய கியர்) ஷாஃப்டுக்கும் நடுவில் வழுக்கி டார்க்கை வெட்டும். பல ஆரம்பநிலை பக்கிகளில் அது கிடையாது, செலவு.
– “டிஃப்பை லாக் பண்ணிட்டா?” மண்ணில் ஓடும். தார் ரோட்டில் திருப்பினால் டயரும் டிரைவ் ஷாஃப்டும் தண்டம் கட்டும்.
– ஆயிலா கிரீஸா? சீல் இல்லாத டிஃப்பில் சிலிக்கான் ஆயில் நிற்காது, கிரீஸ்தான். சீல் இருந்தால் மட்டும் 5,000, 10,000 சிஎஸ்டி (ஆயிலின் பிசுக்குமை அளவு) என்று பேசுங்கள்.

அவசரக் குறிப்புகள்:

– ஆன்சிஸ் (கம்ப்யூட்டரில் ஸ்ட்ரெஸ் பார்க்கும் சாஃப்ட்வேர்) படம் ஒன்று போதும். கியர்பாக்ஸ் விரிவதைக் காட்டும் படமாக இருக்கட்டும், சிவப்பு நிறப் பல் படம் எல்லோரிடமும் இருக்கிறது.
– மெஷ் சரியான டிஃப் ஒன்றும் தளர்ந்த டிஃப் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். எக்ஸ்டெர்னல் இரண்டையும் சுற்றிப் பார்க்காமல் போகமாட்டார்.
– லைப்போவை ஹாலுக்குள் கொண்டுபோகாதீர்கள், கேள்வி அந்தப் பக்கம் திரும்பிவிடும்.
– சின்ன ஸ்க்ரூடிரைவர், பழைய துணி, டார்ச் மூன்றும் பையில் இருக்கட்டும். எக்ஸ்டெர்னல் கையில் கிரீஸ் பட்டால் துடைக்கத் துணி நீட்டுகிற ஆள் நீங்களாக இருங்கள்.
– வைவா முடிந்ததும் வண்டியை டிபார்ட்மெண்ட் கேட்கும். சேஸிஸைக் கொடுங்கள், பேரிங் செட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஷோகேஸில் நிற்கிற வண்டிக்குப் புஷ்ஷே போதும்.