கறிவேப்பிலைக்கு வந்த வாழ்வு

பேங்க் மாமா ஒரு ஃபார்வர்டு அனுப்பினால் நம் ஞாயிற்றுக்கிழமை போச்சு என்று அர்த்தம். இந்தத் தடவை வந்தது 'அனைத்து வயதினருக்கும் இயற்கை நடை, காலை ஆறரை மணி, லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா, அனுமதி இலவசம்'. அத்தை அதில் கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் சத்தமாகப் படித்தார், அதோடு விஷயம் முடிவாகிவிட்டது. பெரியதுக்குப் பரீட்சை, வீட்டுக்காரருக்கு வழக்கம்போல முதுகு பிடிப்பு (ஞாயிறு மட்டும் வரும்), ஆக மாட்டியது நானும் சின்னதும்.

அனைத்து வயதினரும் என்றால் நிஜமாகவே அனைத்து வயதினரும் வந்திருந்தார்கள். தூக்கத்தில் இருந்த கைக்குழந்தையில் தொடங்கி, வாக்கிங் ஸ்டிக்கோடு வந்த தாத்தா வரை. நடுவில் இருக்கிற வயதில் நானும் இன்னும் நாலைந்து அம்மாக்களும்தான், எல்லோர் கையிலும் அடுத்தவருடைய தண்ணீர் பாட்டில்.

நடத்த வந்தது ஒரு சின்னப் பெண். தொப்பி, கழுத்தில் பைனாகுலர், எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது, குரல்தான் ரொம்பச் சன்னம். மைக் இல்லாமல் கச்சேரியே நடக்கிற பூங்காதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கச்சேரி என்றால் நம்மவர்கள் தொடையில் தாளம் போடுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். மரம் என்றால் ஆளுக்கொரு கருத்து இருக்கிறதே!

மெதுவாகப் பேச வேண்டும் என்பது முதல் விதி. "எல்லாரும் மெதுவாப் பேசுங்க!" என்று பேங்க் மாமா போட்ட சத்தத்தில் கைக்குழந்தை எழுந்துவிட்டது. எதையும் பறிக்கக் கூடாது என்பது இரண்டாவது. அத்தை கைப்பையில் இருந்த பிளாஸ்டிக் கவரை இன்னும் ஆழமாக உள்ளே தள்ளிவிட்டு, "கீழ விழுந்த பூவை எடுக்கலாமாம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் யோசித்து, எடுக்கலாம் என்றதும் கவர் வெளியே வந்துவிட்டது. அதற்கப்புறம் இயற்கை நடையில் அத்தை பார்த்ததெல்லாம் தரையை மட்டும்தான்.

எங்கிருந்தோ டொக், டொக், டொக் என்று ஒரே சீராக ஒரு சத்தம். "மெட்ரோ வேலை" என்றார் மாமா. மயிலாப்பூர்க்காரர்களுக்கு இப்போது எந்தச் சத்தமும் மெட்ரோ வேலைதான். அது குக்குறுவானாம். பச்சை உடம்பு, நெற்றியும் மார்பும் சிவப்பு, உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். பட்டுப்போன கிளையில் பொந்து தோண்டிக் குடியிருக்குமாம். லஸ் முனையில் தோண்டுவது போதாதென்று இது வேறு. அடுத்தது குயில். கூவுவது ஆண் குயில், பெண் குயிலுக்குக் கீக் கீக் என்று கத்தத்தான் வரும் என்று அந்தப் பெண் சொன்னதும், நாற்பது வருஷமாக பாட்டு சொல்லிக்கொடுக்கிற எதிர்வீட்டு மாமிக்கு முகமே சுருங்கிவிட்டது. எத்தனை பெண் பிள்ளைகளுக்கு 'குயில் குரல்' என்று சர்டிபிகேட் கொடுத்திருப்பார், பாவம்.

பைனாகுலர் ஒன்றே ஒன்று. வரிசையாகக் கைமாறி அத்தையிடம் வந்து அங்கேயே நின்றுவிட்டது. என்ன இவ்வளவு ஆர்வமாகப் பார்க்கிறார் என்று நினைத்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது மாடி பால்கனி. "ஏம்மா, வத்தல் போட்டுட்டு மேல துணியே கட்டலை பாரு. காக்கா கொத்திட்டுப் போகாது?" பின்னால் நின்ற தாத்தா, "எந்த மாடி?" என்று எட்டிப் பார்த்தார்.

இதற்கு நடுவில் அந்தப் பெண் 'வர்தா' என்ற பெயரை வாயில் எடுத்துத் தொலைத்தது. 2016 டிசம்பர் 12 புயலில் குல்மொஹர், தூங்குமூஞ்சி மாதிரி வெளிநாட்டிலிருந்து வந்த மரங்கள் வேர் ஆழமாகப் போகாமல் நிறைய சாய்ந்தன, வேம்பும் புங்கையும் ஓரளவு தாக்குப்பிடித்தன என்று உருப்படியாகத்தான் ஆரம்பித்தது. அவ்வளவுதான். அன்றைக்கு யார் எங்கே மாட்டினார்கள், யார் கார் மேல் எது விழுந்தது, யார் தெருவுக்குக் கரண்ட் கடைசியாக வந்தது என்று ஆரம்பித்து, எங்கள் தெருவுக்குத்தான் கடைசி என்பதில் மந்தைவெளிக்காரர் ஒருவருக்கும் மாமாவுக்கும் கைகலப்பு ஆகாத குறை. கரண்ட் வராததில்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

கடைசியாக அந்தப் பெண் ஒரு பெட்டியைத் திறந்தது. உள்ளே கறிவேப்பிலைக் கொத்து, அதில் விரல் நீளத்துக்குப் பச்சையாகக் கொழுகொழுவென்று ஒரு புழு. பக்கத்து இலையில் கறுப்பும் வெள்ளையுமாகக் காக்கா எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தது. அதுவும் புழுதானாம். சின்னதாக இருக்கும்போது எச்சம் என்று நினைத்துப் பறவைகள் விட்டுவிடுமாம். பெரியதை பிரஷ்ஷால் லேசாகத் தொட்டதும், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, கவை மாதிரி ஒரு கொம்பு நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. கூடவே ஒரு நாற்றம். பிள்ளைகள் எல்லாம் 'ஐயே' என்று கத்திக்கொண்டே இன்னும் கிட்டப் போனார்கள். கறிவேப்பிலை அழகி என்று பெயராம். கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை போட்டுக்கொண்டு நம் மாடியில் சுற்றுமே, அதுதான்.

"அட, இதா! எங்க வீட்டுச் செடியில நிறைய இருக்கே. புளிச்ச மோர் தெளிச்சுப் பார்த்தேன், போகலை. நேத்துகூட நாலைக் குச்சியால எடுத்துப் போட்டு நசுக்கினேன்" என்றார் அத்தை. வெகு உற்சாகமாக.

அதுவரை யார் பேச்சும் யாருக்கும் கேட்காத கூட்டம், இது மட்டும் எல்லோருக்கும் கேட்டது. ஒரு பொடியன், யூகேஜிதான் இருக்கும், அத்தையை அண்ணாந்து பார்த்து, "பாட்டி, நீங்க பட்டாம்பூச்சியக் கொன்னுட்டீங்களா?" என்றான்.

"அது அப்போ புழுடா கண்ணா."

"உள்ள பட்டாம்பூச்சிதானே இருந்துச்சு?"

அத்தை வாயைத் திறந்தார், மூடினார். மாமனார் முப்பத்தைந்து வருஷம் முயற்சி பண்ணி முடியாமல் போய்ச் சேர்ந்த காரியம். சின்னது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஏதோ தெரியாதவர்களைப் பார்ப்பது போலப் பாட்டியைப் பார்த்தது. ஆட்டோவில் வீடு வரும் வரை அத்தை டிரைவரிடம் பேரம்கூடப் பேசவில்லை.

வந்ததும் நேரே மொட்டை மாடி. அங்கே பெயிண்ட் டப்பாவில் நிற்கிற செடியில் இன்னும் மூன்று தப்பிப் பிழைத்திருந்தன. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 144 தடை உத்தரவு. கறிவேப்பிலை ஒரு இணுக்குகூடக் கிள்ளக் கூடாது. செடிப் பக்கம் துணி காயப்போடக் கூடாது. மோர் மிச்சமிருந்தால் நாம்தான் குடிக்க வேண்டும். ஒரு புழு தண்டில் ஒட்டி, இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு, பின்னால் சாய்ந்து கூடாகிவிட்டது. அதை 'மாசமா இருக்கிற பொண்ணு' என்கிற மரியாதையோடு தினம் போய் விசாரித்துவிட்டு வருகிறார். பேரன் பேத்திகள் பிறந்தபோது எனக்குக் கிடைக்காத மரியாதை.

ரசம் கறிவேப்பிலை இல்லாமல் கொதிக்கிறது. கல்யாணமான நாள் முதல் ஒவ்வொரு இலையாகப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் ஒதுக்கி வைக்கிற மனுஷர், "என்ன, மணமே இல்லை?" என்று கேட்கிறார். பதில் சொல்ல நான் மாடிக்குக் கையைக் காட்டினேன், முதுகு பிடிப்பையும் பொருட்படுத்தாமல் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கி வந்து சாப்பிட்டார்.

இதில் பெரிய சிக்கல் காக்கா. தினமும் அதற்குச் சாதம் வைக்காமல் அத்தை பல்லில் பச்சைத் தண்ணீர் படாது, மாமனார் வருகிறார் என்று நம்பிக்கை. அதே காக்கா சாதத்தைத் தின்றுவிட்டு, தொட்டி விளிம்பில் போய் உட்கார்ந்து புழுவைத் தலை சாய்த்துப் பார்க்கிறது. நேற்று வடாம் எடுக்க மாடிக்குப் போனவள் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். அத்தை குடையை விரித்துச் செடிக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு காக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார். "நெய் விட்டுத்தானே போட்டிருக்கேன்? எப்பப் பாரு, எதிர் இலைல என்ன இருக்குன்னே கண்ணு. இருக்கும்போதும் இதே புத்திதான். இங்க இல்ல, அங்க போய் சாப்பிடுங்க." காக்கா ஒரு தத்துத் தத்தி, சாதத்துப் பக்கம் போய்விட்டது. "ம்ம், இப்பவாவது சொன்ன பேச்சைக் கேக்கறீங்களே" என்றார்.

அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று நான் கீழே வந்துவிட்டேன். வடாம் இன்னும் மாடியில்தான் இருக்கிறது. காய்கறிக்காரர் வேறு, முன்னெல்லாம் கேட்காமலே கொசுறாகப் போடுகிற கறிவேப்பிலைக்கு இப்போது தனியாகப் பத்து ரூபாய் கேட்கிறார். சரி என்று வாங்கி ஒளித்து வைத்தால், அத்தை அதையும் எடுத்து இலை இலையாகத் திருப்பி, எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் தாளிக்க விடுகிறார். அதற்குள் கடுகு கருகிவிடுகிறது.