தூரத்துத் தங்கமும் எட்டு வில்லேஜர்களும்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டில், ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டருக்கு அருகிலுள்ள தங்கம் தீரத் தொடங்கியதும் அடுத்த தங்கத்தை எங்கே எடுப்பது என்பதில் நான் நீண்ட காலமாகத் தவறான கணக்கையே போட்டுவந்தேன். வெட்டிய தங்கத்தை இறக்கும் மைனிங் கேம்ப் கட்ட 100 மரம் போதும், பறிபோனாலும் அந்த 100 மரம்தான் நட்டம் என்று நினைத்திருந்தேன்.

சென்ற மாதம் உப்புவெளியில் மச்சான் வீட்டில் இருவரும் எதிரெதிராக ஆடியபோது அந்தக் கணக்கு பிழை என்று தெரிந்தது. காடு குறைந்து எப்பக்கமும் திறந்து கிடக்கும் அராபியா வரைபடத்தில், அவருடைய பக்கம் பார்த்திருந்த தங்கத்துக்கு வில்லேஜர் எனப்படும் வேலையாட்கள் எட்டுப் பேரை அனுப்பியிருந்தேன். நைட் எனப்படும் குதிரைவீரர்கள் நால்வர் வந்தார்கள், ஓடியவர்களில் ஒருவர்கூட டவுன் சென்டரை எட்டவில்லை. வில்லேஜர் ஒருவரை உருவாக்க 50 உணவும் 25 விநாடிகளும் வேண்டும். எட்டுப் பேருக்கான 400 உணவை எப்படியும் திரட்டிவிடலாம். ஆனால் ஒரே டவுன் சென்டர் 200 விநாடிகள், அதாவது 3 நிமிடம் 20 விநாடிகள், பழைய எண்ணிக்கைக்குத் திரும்புவதற்காக மட்டுமே உழைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் மச்சான் வளர்ந்துகொண்டே இருந்தார்.

ஆகவே இப்போது தங்கத்தின் அளவைப் பார்ப்பதற்கு முன், அங்கிருப்பவர்கள் ஒளிந்துகொள்ள இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்கிறேன். 650 கல் கேட்கும் கோட்டை நல்ல காவல்தான், ஆனால் அந்தக் கல்லை வெட்டவும் ஆட்கள் வேண்டும். ஆட்டத்தின் மூன்றாம் கட்டமான காசில் ஏஜில் 275 மரத்துக்கும் 100 கல்லுக்கும் கிடைக்கும் இரண்டாவது டவுன் சென்டரைத் தங்கத்தின் ஓரத்திலேயே கட்டினால், தொடக்கத்தில் கையிலுள்ள 200 கல்லே அதற்குப் போதும். வெட்டிய தங்கத்தை அங்கேயே இறக்கலாம், 15 பேர் உள்ளே புகலாம், புதிய வில்லேஜர்களும் அங்கிருந்தே வருவார்கள்.

எங்கள் திருகோணமலையின் சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் ஒன்றுக்கொன்று விலகி நிற்பதைக் கண்டவர்களுக்கு இன்னொரு வழியும் தோன்றும்: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்காமல் பிரித்துவைப்பது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. 99 தாங்கிகள் இன்றும் இருக்கின்றன. நானும் வில்லேஜர்களை இரண்டு தங்கங்களுக்கு நாலு நாலாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரே தாக்குதலில் எல்லாரையும் இழக்கும் ஆபத்து குறைந்தது, ஆனால் கண் வைக்க வேண்டிய இடம் இரண்டானது. போர் நடக்கும்போது இரண்டையும் கவனிக்க என்னால் முடியவில்லை.

அடுத்த ஆட்டத்தில் தங்கத்தின் ஓரத்தில் டவுன் சென்டர் நின்றது. மச்சான் நைட்களை விட்டுவிட்டு ராம் எனப்படும் இடிபொறிகள் மூன்றோடு வந்தார். டவுன் சென்டரிலிருந்து எய்யும் அம்புகள் அவற்றை அதிகம் பாதிக்காததால், உள்ளே இருந்தவர்களை வெளியே இறக்கிக் கையால் உடைக்கவைத்தேன். மூவர் இறந்தார்கள், தங்கம் என்னிடமே இருந்தது.